லெதர் பெர்ஃப்யூம்னா என்ன, காலைல அடிச்சது ராத்திரி வரைக்கும் எப்படி மாறுது

போன ஓணம் லீவுக்கு எனக்க சித்தப்பா துபாய்ல இருந்து வந்தப்ப பேரீச்சம்பழம், கோடாலி தைலம் கூட ஒரு கருப்பு பாட்டிலும் கொண்டு வந்தாங்க, அட்டைல ஸ்பைசி, வுடி, லெதர்னு மூணு வார்த்தை போட்டிருந்துச்சு. தம்பி அதை எடுத்து மணிக்கட்டுல ரெண்டு அடி அடிச்சு உடனே மூக்குல வச்சு பாத்துட்டு, "எண்ணே, நல்லமிளகு ரசமும் பல்லாஸ்பத்திரியும் சேந்த மாதிரி இருக்கு, நமக்கு வேண்டாம்"னு வச்சுட்டு போயிட்டான். அது காலைல எட்டு மணி. சாயந்திரம் ஆறு மணிக்கு திண்ணைல பக்கத்துல உக்காந்து சாயா குடிச்சிட்டு இருக்கும்போ அவனே கேக்கான், "இஞ்ச ஏதோ ஒரு மணம் வருது பாத்தியளா, பழைய மரப்பெட்டி தொறந்த மாதிரி, நல்லா கொள்ளாமே, என்னது?" அது வேற எதுவும் இல்ல, அவனுக்க கையில இருந்துதான் வந்துட்டு இருந்துச்சு.

அதே பாட்டில், அதே ரெண்டு அடி, அதே கை. நடுவுல போன பத்து மணி நேரத்துல என்ன நடந்துச்சுங்கிறத சொல்லத்தான் இதை எழுதுறேன். பெர்ஃப்யூம் பத்தி ஒண்ணும் தெரியாம கடைக்கு போற எல்லாரும் தம்பி பண்ணுன அதே தப்பைத்தான் பண்றாங்க, முதல் பத்து செகண்ட்ல தீர்ப்பு சொல்லிருவாங்க, அதிலயும் லெதர் வகையை அப்படி முடிவு பண்ணுனா கண்டிப்பா தப்பாத்தான் போவும்.

முதல்ல மணம் எப்படி மூக்குக்கு வருதுன்னு பாப்போம். ஒரு பொருள் மணக்குதுன்னா அதுல இருந்து துகள் ஆவியாகி காத்துல கலந்து நம்ம மூக்குக்குள்ள போவுதுன்னு அர்த்தம். ஆவியாகாத பொருளுக்கு மணம் கிடையாது, உப்புக்கட்டியை மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது இல்லியா, அது அதனாலதான். பெர்ஃப்யூம்ங்கிறது இப்படி ஆவியாகக்கூடிய பல டஜன் பொருளை, சிலதுல நூறுக்கு மேல கூட, ஆல்கஹால்ல கரைச்சு வச்சது. ஆனா எல்லாம் ஒரே வேகத்துல ஆவியாகாது, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒரு பஸ் வந்து நிக்குன்னு வச்சுக்கோங்க. நிக்குறதுக்கு முன்னாடியே படியில தொங்குன பயலுவ குதிச்சு ஓடிருவானுவ. அடுத்து ஆபீஸ் போறவங்க, காலேஜ் பிள்ளைங்க பைய இறங்குவாங்க. கடைசில தோவாளைல இருந்து பூக்கூடையோட வந்த அம்மா, அரிசிச் சாக்கு கொண்டு வந்த பாட்டா இவங்கல்லாம் சாமானை எடுத்து நிதானமா இறங்குவாங்க, அதுக்குள்ள முதல்ல குதிச்சவன் ஊட்டுக்கே போயி சேந்திருப்பான். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், பாட்டா பஸ்ஸில கடைசில கயறல, முதல்ல இருந்தே உள்ளதான் இருந்தாரு, முன்னாடி நின்ன கூட்டத்துல நமக்கு கண்ணுல படல அவ்வளவுதான். பெர்ஃப்யூம்லயும் அப்படியே. மரம், தோல், பிசின் மணமெல்லாம் அடிச்ச செகண்ட்ல இருந்தே இருக்கு, மேல இருக்கிற சத்தமான மணம் போனபிறகுதான் அது நமக்கு கேக்குது. (நம்ம ஊர்ல மணம் "கேக்குது"ன்னு சொல்ற வயசானவங்க இப்பமும் உண்டு, எனக்கு ரொம்ப புடிச்ச சொல்லு அது.)

முதல்ல குதிக்கிறதை டாப் நோட்டுன்னும், நடுவுல வர்றதை ஹார்ட் நோட்டுன்னும், கடைசில நிக்கிறதை பேஸ் நோட்டுன்னும் சொல்லுவாங்க. அந்த கடைசிக் கட்டத்துக்கு ட்ரைடவுன்னு ஒரு பேரு உண்டு. உத்தேசமா டாப் அஞ்சு நிமிஷத்துல இருந்து அரைமணி நேரம், ஹார்ட் மூணு நாலு மணி நேரம், பேஸ் அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் இருக்கோ அவ்வளவு நேரம். இது சட்டம் ஒண்ணும் இல்ல, கோடு போட்டு பிரிச்ச மாதிரி மாறாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு போயிட்டே இருக்கும்.

ஏன் சிலது ஓடுது சிலது நிக்குது? பொதுவா சின்ன மூலக்கூறு சீக்கிரம் ஆவியாகும், பெரிசு மெதுவா ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு தொலியில இருக்கிற லிமோனீனோட மூலக்கூறு எடை 136, அது 176 டிகிரில கொதிக்கும். கிராம்புல இருக்கிற யூஜினாலுக்கு எடை 164, கொதிக்கிறது 254 டிகிரில. சந்தன எண்ணெயில இருக்கிற சான்டலாலுக்கு எடை 220. அதனாலதான் எலுமிச்சை கீறுன மணம் அஞ்சு நிமிஷத்துல போயிருது, கிராம்பு கடிச்சது கொஞ்ச நேரம் நிக்குது, சந்தனம் பூசுன துணி அலமாரில ஒரு வாரம் மணக்குது. ஆனா எடையை மட்டும் வச்சு கணக்கு போட்டா மாட்டிக்கிடுவோம். ஏலக்காய்ல இருக்கிற சினியோல்னு ஒரு பொருளுக்கு எடை 154, வெனிலா மணம் தர்ற வெனிலினுக்கு 152, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா சினியோல் நிமிஷத்துல பறந்துரும், வெனிலின் நாள் கணக்குல காகிதத்துல ஒட்டிட்டு கெடக்கும். வெனிலின் மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு கைகோத்து புடிச்சு வச்சிருக்கும், சினியோலுக்கு அப்படி புடிமானம் கம்மி. எடையும் பிடிமானமும் ரெண்டும் சேந்துதான் வேகத்தை தீர்மானிக்குது.

செரி, இப்பம் அந்த அட்டைல இருந்த மூணு வார்த்தைக்கு வருவோம்.

ஸ்பைசின்னா நம்ம அடுக்களை. நல்லமிளகு, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், பட்டை. நம்ம மாவட்டத்துக்காரனுக்கு இதை சொல்லிக்குடுக்க வேண்டியதே இல்ல, மாறாமலை பக்கம் விளையிற கிராம்புக்கு கன்னியாகுமரி கிராம்புன்னு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. தெரளி இலையில கொழுக்கட்டை அவிச்சு மூடியை தொறக்கும்போ ஒரு மணம் எழும்புமே, பட்டை குடும்பத்து மரம் அது, அதுதான் பெர்ஃப்யூம்காரங்க தேடுற சூடான ஸ்பைஸ். மிளகு மணம் வந்தா தோல் எரியுமான்னு தம்பி கேட்டான். எரியாது. மிளகோட காரத்துக்கு காரணம் பைப்பரின், அது ஆவியாகாது, மிளகை ஆவியில வடிச்சு எண்ணெய் எடுக்கும்போ பைப்பரின் பாத்திரத்துலயே தங்கிரும், மணம் மட்டும்தான் எண்ணெயோட வரும். அதனால பெர்ஃப்யூம்ல வர்ற மிளகு காரமில்லாத மிளகு, கொஞ்சம் மரம் மாதிரி, கொஞ்சம் எலுமிச்சை மாதிரி, வறண்டு இருக்கும். தம்பி சொன்ன பல்லாஸ்பத்திரி மணமும் அவனுக்க கற்பனை இல்ல, பல்லு வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெயில பெரும்பகுதி யூஜினால்தான், பல் டாக்டர்மாரும் அதையே பயன்படுத்துறாங்க, பெர்ஃப்யூம்ல கிராம்பு மணமும் அதே பொருள்தான். மூக்கு பழைய ஞாபகத்தை இழுத்துட்டு வரும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

வுடின்னா மரம். சந்தனம், செடார், அகில், கூடவே வேரும் இலையும் இந்த கணக்குல சேத்துதான் சொல்லுவாங்க, ராமச்சம்னு நம்ம மேற்குப் பக்கம் சொல்ற வெட்டிவேர், அப்புறம் பச்சோலி. பச்சோலி இலைதான், ஆனா காய வச்சு வடிச்ச எண்ணெய் ஈர மண்ணு மாதிரி, பழைய மரம் மாதிரி மணக்கும், நல்ல கனமான பேஸ். இதுல நான் வெட்டிவேர் பக்கம், அது புகையும் மண்ணும் சேந்த ஒரு குளிர்ச்சி, வேனல்ல தண்ணிப் பானையில போட்டு குடிச்சவங்களுக்கு சொல்ல வேண்டாம்.

லெதர்தான் கூடுதல் விளக்கம் வேண்டியது, ஏன்னா அந்த பாட்டிலுக்குள்ள தோல் கிடையாது.

மல்லிப்பூல இருந்து மல்லி மணம் எடுக்கலாம், சந்தனக்கட்டையில இருந்து சந்தன எண்ணெய் எடுக்கலாம், ஆனா செருப்புத் தோலை வடிச்சு ஒரு எண்ணெய் எடுத்து அதை பாட்டில்ல ஊத்துறது கிடையாது. நாம தோல் மணம்னு நினைக்கிறது பாதிக்குமேல அதை பதப்படுத்துன பட்டை, எண்ணெய், புகை இதுகளோட மணம். நம்ம தமிழ்நாட்டுல ஆவாரம்பட்டை போட்டு தோல் பதப்படுத்துறது ரொம்ப காலமா உண்டு. ரஷ்யாவில வில்லோ மாதிரி மரப்பட்டையில பதப்படுத்தி, கடைசில பிர்ச் மரத்துப் பட்டையில இருந்து எடுத்த எண்ணெயைப் பூசுவாங்க, அது பூச்சியும் தண்ணியும் அண்டாம காக்கும், கூடவே புகை மணத்தையும் குடுக்கும். ஐரோப்பா முழுக்க அந்த ரஷ்யத் தோலுக்கு அப்படி ஒரு கிராக்கி. 1786-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்து ஜெனோவாவுக்கு இந்த தோலை ஏத்திட்டு போன மெட்டா கத்தரினாங்கிற கப்பல் இங்கிலாந்து பிளைமவுத் பக்கம் கடல்ல முங்கிப் போச்சு, 1973-ல முக்குளிக்கிறவங்க அதை கண்டுபிடிச்சாங்க, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கடலுக்கடியில சேத்துக்குள்ள கெடந்த தோலை எடுத்து கழுவி காய வச்சு ஷூவும் பையும் தைக்கிற அளவுக்கு நல்லா இருந்துச்சு. அதை வாசிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

பிர்ச் தார் எடுக்கிற முறை நமக்கு புதுசு இல்ல. பட்டையை பானைக்குள்ள அடைச்சு காத்து போகாம சூடாக்குனா எரியாது, கருகி ஒரு கருப்பு எண்ணெய் வடியும். நம்ம வைத்தியர்மாரு குழித்தைலம்னு சிரட்டைல இருந்து எண்ணெய் இறக்குவாங்களே, அதே வேலைதான், மரம் மட்டும் வேற. சிரட்டைத் தைலம் மணத்து பாத்தவங்களுக்கு லெதர் பெர்ஃப்யூமோட புகைப்பகுதி பாதி புரிஞ்சாச்சு. சுத்திகரிக்காத பிர்ச் தார்ல உடம்புக்கு ஆகாத பொருளும் உண்டு, அதனால இப்பம் உலக வாசனைத் தொழில் அமைப்பான இஃப்ராவோட விதிப்படி சுத்திகரிச்சதைத்தான், அதுவும் அளவோட, சேக்கலாம்.

அப்பம் தோல் மணத்தை எப்படி செய்றாங்க? மீன்கறிக்கு அரைப்பு அரைக்கிறது மாதிரிதான். தேங்காய், மல்லி, வத்தல், மஞ்சள், சின்ன உள்ளி இதெல்லாம் அம்மியில சேந்து அரைஞ்சா வர்ற மணம் அதுல எந்த ஒண்ணோட மணமும் இல்ல, அது புதுசா ஒண்ணு, அதுக்கு பேரு மீன்கறி அரைப்பு. பெர்ஃப்யூம்காரங்க இதை அக்கார்டுன்னு சொல்லுவாங்க. லெதர் அக்கார்டுல புகைக்கு பிர்ச் தார், ஐசோபியூட்டைல் குயினோலின்னு ஒரு செயற்கைப் பொருள் கசப்பும் பச்சையும் சேந்த ஒரு விறைப்பான தோல் மணத்துக்கு, லாப்டனம்னு மத்தியதரைக்கடல் பக்கம் ஒரு செடியில இருந்து வர்ற பிசின் தேன் மாதிரி ஒரு சூட்டுக்கு. முன்னாடி பீவர்ங்கிற நீர்வாழ் பிராணியோட சுரப்பியில இருந்து எடுத்த காஸ்டோரியமும் போடுவாங்க, இப்பம் பெரும்பாலும் அதுக்கு பதிலா செயற்கைதான். குங்குமப்பூவும் இதுல சேரும், அதுல இருக்கிற சஃப்ரனாலுக்கு ஒரு மெல்லிய தோல் சாயல் உண்டு, கல்ஃப் பெர்ஃப்யூம்கள்ல இது கூடுதலா வரும்.

அந்த குயினோலினை சேத்து பேர் வாங்குன ஒண்ணு 1944-ல வந்த பாண்டிட், ஜெர்மைன் செல்லியேங்கிற பொம்பளை பெர்ஃப்யூமர் செஞ்சது. அதுக்கும் முன்னாடி 1919-ல கேரான் கம்பெனியோட தபாக் ப்ளாண்ட் வந்தாச்சு, அது பொம்பளைங்களுக்காக வந்த லெதர். லெதர்னா ஆம்பளைங்களுக்குன்னு இப்பம் சொல்றது வெறும் கடைக்காரங்க பிரிச்ச பிரிவு, மூக்குக்கு அப்படி ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பழைய கதையில போனா பிரான்ஸ்ல க்ராஸ்ங்கிற ஊரு முதல்ல தோல் பதப்படுத்துற ஊருதான், கையுறைத் தோலோட நாத்தத்தை மறைக்க அதுல பூவும் எண்ணெயும் ஏத்தி வித்தாங்க, 17-ஆம் நூற்றாண்டுல கையுறையும் வாசனையும் ஒரே ஆளுங்க வித்தாங்க, பைய தோல் போயி வாசனை மட்டும் நின்னு அது உலகத்துக்கே பெர்ஃப்யூம் ஊரா ஆச்சு. தோல் நாத்தத்தை மறைக்க பொறந்த தொழில் இப்பம் தாரும் பிசினும் வச்சு தோல் மணத்தை உண்டாக்குது!

இதெல்லாம் வெள்ளைக்காரன் மணம், நமக்கு எதுக்குன்னு சிலர் கேக்கலாம். கோயில் கொடைக்கு மேளக்காரங்க வந்து ஓரமா நின்னு ஓலையைக் கொளுத்தி தோலை அனல்ல காட்டி சூடேத்துறதை பாத்திருப்பீங்க. அந்த நேரத்துல பக்கத்துல போயி நின்னா ஓலைப்புகை, சூடான தோல், கொஞ்சம் வேர்வை, அங்கோட்டு சாம்பிராணி, எல்லாம் சேந்து ஒண்ணா வரும். லெதர் அக்கார்டு அதுதான். நான் முதல்முதலா நல்ல லெதர் பெர்ஃப்யூம் மோந்து பாத்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது குதிரையும் இல்ல, கார் சீட்டும் இல்ல, சின்ன வயசுல மாமன் தோள்ல உக்காந்து பாத்த கொடைதான்.

இப்பம் ஒரு நாள் முழுக்க அது எப்படி போவுதுன்னு சொல்றேன், சித்தப்பா தந்த அதே பாட்டிலை நான் போட்டு குறிச்சு வச்சது. காலைல ஏழு மணிக்கு குளிச்சு துவட்டிட்டு கழுத்துல ஒண்ணு, முழங்கை மடிப்புல ஒண்ணு. முதல் ஒரு நிமிஷம் ஆல்கஹால் மணம், அதை மோந்து பாக்கவே வேண்டாம். அப்புறம் மிளகும் ஏலமும் பளிச்சுன்னு, கூட ஏதோ ஒரு ஆரஞ்சு ஜாதி, தம்பி ஓடிப்போனது இந்த இடத்துலதான். குலசேகரத்துல பஸ் ஏறி திருவட்டாறு தாண்டுறதுக்குள்ள ஆரஞ்சு போயாச்சு, ஏலம் மெலிஞ்சாச்சு, கிராம்பும் ஜாதிக்காயும் முன்னாடி வந்து, அதுக்கடியில ஏதோ கருப்பா ஒண்ணு எட்டிப் பாத்துச்சு.

தக்கலை வரும்போ லெதர் நல்லா எழும்பிருச்சு. இந்த ஒரு மணி நேரம்தான் லெதர்ல கடினமான நேரம், புகையும் கசப்பும் கூடி நிக்கும், டயர் கடை, தார் போட்ட ரோடு, புதுச் செருப்புன்னு ஆளாளுக்கு ஒண்ணு தோணும். பலபேரு இந்த இடத்துல மனசு விட்டுருவாங்க. எனக்கு தோணுனது ரப்பர் ஷீட் புகை போடுற பெரை. நாங்க ரப்பர் மரத்துக்கு நடுவுல வளந்தவங்க, ஷீட்டை அடிச்சு கம்பியில தொங்கவிட்டு கீழ விறகு புகைய வச்சா உள்ள ஒரு மணம் தங்கும், ஷீட்டும் தேன்நிறமா மாறி வரும், அந்த மணம் சட்டையில ஏறுனா குளிச்சாலும் போகாது. அன்னைக்கு நான் திரும்பி வந்தப்ப அம்மா வாசல்லயே கேட்டாங்க, "மக்களே, புகைப்பெரையில கயறினியா?" பெர்ஃப்யூம்மான்னு சொன்னப்ப நம்பல, கழுத்துப் பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டுதான் செரின்னு போனாங்க.

பத்து மணிக்கு மேல கசப்பு இறங்கி, குங்குமப்பூ மாதிரி ஒரு இனிப்பும் பிசின் சூடும் அந்த தோல் மணத்தை மெத்துன்னு ஆக்குச்சு. விறைப்பா இருந்த புதுச் செருப்பு ஒரு மாசம் போட்டபிறகு காலுக்கு பழகுமே அப்படி. மதியம் சாப்பாடு நேரத்துல ஸ்பைஸ்னு தனியா எடுத்து சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா மரத்துக்குள்ள ஒரு சூடு மட்டும் மிச்சம் இருந்துச்சு. மூணு மணிக்கு மேல செடாரும் வெட்டிவேரும் பச்சோலியும், தோல் பழைய டைரியோட அட்டை மாதிரி. சாயந்திரம் முட்டம் கடற்கரையில காத்துல நின்னப்ப எனக்கே ஒண்ணும் தெரியல, கையை மூக்குகிட்ட கொண்டு வந்தா மட்டும் இருக்கு. ராத்திரி ஒம்பது மணிக்கு முழங்கை மடிப்புல ஒரு சின்ன பகுதியில மட்டும் மரமும் ஒரு மெல்லிசான இனிப்பும். எனக்கு இந்த ஒம்பது மணி மணத்துக்காகத்தான் அந்த பாட்டில் புடிக்கும், காலை ஏழு மணி மணத்துக்காக இல்ல.

"எனக்கே ஒண்ணும் தெரியல"ன்னு சொன்னேனே, அதுல ஒரு விஷயம் உண்டு. ஒரே மணத்துல நின்னுட்டே இருந்தா மூக்கு அதை கணக்குல எடுக்கிறதை விட்டுரும். மீன் சந்தைக்குள்ள போன புதுசுல நாத்தமா இருக்கும், பத்து நிமிஷம் கழிச்சு தெரியாது, அதே கதை. அதனால ரெண்டு மணி நேரத்துல பெர்ஃப்யூம் போயிருச்சுன்னு மறுபடி நாலு அடி அடிக்கிறவங்களை பஸ்ஸில பாத்திருக்கேன், பக்கத்து சீட்டுக்காரருக்கு தலைவலியே வந்திரும். போயிருச்சான்னு தெரியணும்னா வெளிய போயி பத்து நிமிஷம் நல்ல காத்துல நின்னுட்டு வந்து மோந்து பாருங்க, இல்லன்னா வீட்டுல உள்ளவங்ககிட்ட கேளுங்க. கடைகள்ல காப்பிக்கொட்டை நீட்டுவாங்க மூக்கை புதுசாக்கன்னு, அதைவிட நம்ம சட்டைக் கையை மோந்து பாக்கிறது போதும். சில பெரிய மூலக்கூறு, முக்கியமா மஸ்க்னு சொல்ற கஸ்தூரி மணத்துல சில வகைங்க, சிலபேரு மூக்குக்கு பிறவியிலயே தெரியாது, அது நோய் இல்ல, அதனால ஒருத்தருக்கு பத்து மணி நேரம் நிக்கிறது இன்னொருத்தருக்கு நாலு மணி நேரம்தான் நிக்கும்.

நம்ம ஊரு காலநிலையும் இதுல விளையாடும். சூடு கூடுனா எல்லாமே வேகமா ஆவியாகும், அதனால பங்குனி சித்திரை வெயில்ல முதல் ஒரு மணி நேரம் பெர்ஃப்யூம் ரொம்ப சத்தமா இருக்கும், சீக்கிரம் தீந்தும் போயிரும். குளிர்நாட்டுல எழுதுன ரிவ்யூவை பாத்து நாலு அடி அஞ்சு அடின்னு அடிச்சா இங்க தாங்காது, லெதர் மாதிரி கனமானதுக்கு ரெண்டு போதும். மழைக்காலத்துலதான் லெதர் நம்ம ஊர்ல அதோட நல்ல குணத்தை காட்டும்னு எனக்கு தோணுது, நமக்கு ரெண்டு மழைக்காலம் உண்டே, ஆனியிலயும் ஐப்பசியிலயும், அந்த ஈரத்துல மரமும் புகையும் பைய எழும்பும். காத்தும் அப்படித்தான், ஆரல்வாய்மொழி கணவாய்ல பைக்குல போனீங்கன்னா உடம்பைச் சுத்தி நிக்கிற மணத்தை காத்து வாரிட்டு போயிட்டே இருக்கும், புதுசா ஆவியாகிட்டே இருக்க வேண்டி வரும், தோவாளை தாண்டும்போ பாதி காலி.

நம்ம உடம்புத் தோலோட தன்மையும் பாக்கணும். வறண்ட தோல்ல சீக்கிரம் போயிரும், கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தா புடிச்சு வைக்கும். மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதுமேல அடிச்சா கூடுதல் நேரம் நிக்கும், தேங்காய் எண்ணெயும் புடிச்சு வைக்கும்தான் ஆனா அதுக்கே சொந்தமா மணம் இருக்கே, லெதர்கூட அது சேராது, நான் பண்ணிப் பாத்தாச்சு. அடிச்சதும் ரெண்டு மணிக்கட்டையும் சேத்து உரசுறது எல்லாருக்கும் பழக்கம். உரசுனா மூலக்கூறு உடைஞ்சிரும்னு சொல்றது செரியில்ல, அது அப்படி உடையாது, ஆனா உரசல்ல சூடேறி டாப் நோட்டு வேகமா போயிரும், அதனால அப்படியே காய விடுங்க. உணர்ச்சியான தோலுள்ளவங்க முதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வச்சு ஒரு நாள் பாக்கணும், கிராம்பு யூஜினால் சிலருக்கு அலர்ஜி ஆகும்.

பாட்டில்ல ஈ.டி.டி., ஈ.டி.பி.ன்னு போட்டிருக்கிறது எவ்வளவு வாசனை எண்ணெய் கலந்திருக்குங்கிறதுக்கு, உத்தேசமா ஈ.டி.டி.ல நூத்துக்கு 5-ல இருந்து 15, ஈ.டி.பி.ல 15-ல இருந்து 20. எண்ணெய் கூடுனா பொதுவா கூடுதல் நேரம் நிக்கும், ஆனா எலுமிச்சை ஈ.டி.பி.யைவிட லெதர் ஈ.டி.டி. கூடுதல் நேரம் நிக்கலாம், உள்ள யாரு இருக்காங்கிறதுதான் முக்கியம். அத்தர்ல ஆல்கஹால் இல்ல, எண்ணெய் மட்டும், அதனால முதல்ல அந்த பளிச்சும் கம்மி, தூரம் போறதும் கம்மி, தோலோட ஒட்டி நிக்கும்.

கடைக்கு போனா முதல்ல காகிதத்துல அடிச்சு பாருங்க, ஆனா அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, காகிதத்துக்கு உடம்புச்சூடு கிடையாது. புடிச்ச ஒண்ணை மட்டும், ஒரே ஒண்ணு, கையில போட்டுட்டு காசு குடுக்காம வெளிய வந்துருங்க. சாயா குடிங்க, சாமான் வாங்குங்க, பஸ் புடிச்சு ஊருக்கு போங்க, ராத்திரி படுக்கும்போ மோந்து பாருங்க. அப்பமும் புடிச்சிருந்தா அடுத்த வாரம் போயி வாங்குங்க. ஆயிரக்கணக்குல காசு போற விஷயம், பத்து செகண்ட்ல முடிவு பண்ண கடைக்காரங்க அவசரப்படுத்துனாலும் நாம அவசரப்படக் கூடாது. லெதருக்கு புதுசா வர்றவங்க நேரா புகை கூடுனதுக்கு போகாம ஸ்வேட்னு (suede) சொல்ற மெல்லிய தோல் வகையில இருந்து தொடங்கலாம், மாட்டுத்தோல் பெல்ட்டுக்கும் மான்தோல் கையுறைக்கும் உள்ள வித்தியாசம்தான், 2007-ல வந்த டாம் ஃபோர்டோட டஸ்கன் லெதர் மாதிரி ராஸ்பெர்ரி இனிப்பு சேந்ததும் பலபேருக்கு சுலபமா புடிச்சிருக்கு. வாங்குன பாட்டிலை பாத்ரூம்லயும் ஜன்னல் வெயில்லயும் வைக்காதீங்க, அலமாரிக்குள்ள இருட்டுல இருக்கட்டும்.

துணியில அடிச்சா இன்னும் கூடுதல் நாள் நிக்கும், ஏன்னா துணிக்கு சூடு கம்மி, வேர்வை கிடையாது. வெள்ளைச் சட்டையில மட்டும் அடிக்காதீங்க, கறை புடிக்கும். நான் அன்னைக்கு போட்ட நீலச் சட்டையை கொடியில போட்டது மறந்து, மூணாவது நாளு எடுத்து அயர்ன் பண்ண உக்காந்தேன். மோந்து பாத்தப்ப ஒண்ணும் தெரியல. காலர் பக்கம் அயர்ன் பாக்ஸை வச்சு ஒரு இழு இழுத்ததும் அந்த சூட்டுல வெட்டிவேரும் பழைய தோலும் குப்புன்னு மேல வந்துச்சு, அடுக்களையில இருந்து அம்மா, "இன்னும் அது போகல்லியா?"ன்னு கேட்டாங்க, பக்கத்துல படிச்சிட்டு இருந்த தம்பி தலையைத் தூக்கி, "எண்ணே, அந்த பாட்டில்ல இன்னும் இருக்கா?"ன்னான்.